பதினொன்றாம் கட்டம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை; இங்கே குளிர்தான் எலும்பு வரைக்கும் வந்து குசலம் விசாரிக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? மாமாவும் மருமகளும் சௌக்கியம்தானே?

"இந்தக் காலத்துல எவன்டா கடிதம் எழுதுவான்" என்று நீ சிரிப்பது கேட்கிறது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறோம், உண்மைதான். ஆனால் அப்பா பேச்சை எடுத்த உடனே உன் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. எட்டு வாரமாக எண்ணிக்கொண்டு வருகிறேன். மூன்று பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு சமையலா? கடிதத்தில் விசில் அடிக்காது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நவம்பரில் அப்பா உங்கள் நர்சிங் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று நாளும் நீதான் கூட இருந்தாய். நான் எல்லாம் முடிந்த பிறகு வந்து, ஐந்து நாள் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நேற்று அத்தை போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "கடைசி நாள் சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவருதான்டா உங்கப்பா, அப்புறம் யாரு முகத்தையும் பாக்கல" என்றாள். இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை.

மூன்று விஷயம் கேட்கிறேன். அப்பா என்னைக் கேட்டாரா? ஏதாவது சொன்னாரா? அவர் கையில் போன் இருந்ததா?

பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. சமதளத்தில் சிநேகமாகத்தான் இருக்கிறது. மாமா அப்படியே இருக்கிறார். உன் மருமகள் நீ அனுப்பிய குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டே தூங்குகிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

காலேஜில் வேலை கழுத்தை நெரிக்கிறது. இந்த வருஷம் ஒரு புதுப் பாடத்தை நானே கேட்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டேன். ஆன்மிகப் பராமரிப்பு. பாடத்திட்டத்தில் இரண்டே வரி இருக்கிறது, இதுவரை யாரும் நடத்தியதில்லை. ஒரு நோயாளி வார்டில் சேர்ந்தால் எங்கள் பிள்ளைகள் பதினான்கு கட்டம் கொண்ட படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். பதினொன்றாவது கட்டம், 'ஆன்மிகத் தேவை: உண்டு / இல்லை'. பழைய படிவங்களை எடுத்துப் புரட்டினேன். இருநூறு படிவத்திலும் 'இல்லை'. ஒருத்தி கட்டில் பக்கமே போகாமல் நடைபாதையில் நின்றபடி அதை டிக் அடிப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். இன்னொருத்தி, "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, சாமி நம்பிக்கை இருக்கா" என்று ஒரே மூச்சில் கேட்கிறாள். பாவம், அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் சேர்த்து "மாத்திரை போடறேம்மா" என்றார்.

அதனால் வகுப்பில் சொன்னேன். "இது சாமி சமாச்சாரம் மட்டும் இல்ல. ஒருத்தர் மூணு தடவை மணி கேட்டா அவருக்கு மணி தெரிய வேண்டியதில்ல. 'நான் என்ன தப்பு பண்ணினேன்'னு கேட்டா அதுக்கு ரத்தப் பரிசோதனையில பதில் வராது. 'எல்லாம் சரியாயிடும்'னு மட்டும் சொல்லிடாதீங்க, அவர் வாய மூடிடுவார். நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க." எங்கள் வகுப்பில் ஒருத்தி உண்டு, எல்லோரும் அவளைக் கேள்விப்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எழுந்து, "மேடம், நீங்க யார் பக்கத்துலயாவது இப்படி உக்காந்திருக்கீங்களா?" என்றாள். நல்லவேளை, பெல் அடித்துவிட்டது.

நீ கேட்டதற்கு: அப்பா அதிகம் பேசவில்லை. மூச்சு வாங்கியது. அவர் போன் என் பையில் இருந்தது; ஓய்வெடுக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்தேன். அதை ஏன் கேட்கிறாய்?

குளிரில் காதை மூடிக்கொள்.
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

காதை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். மருமகளுக்கு இன்னொரு குல்லா அனுப்புகிறேன், அவளது கரடிக்கு.

உன் பாடம் நல்ல பாடம். ஊரான் வீட்டு நோயாளி மணி கேட்டால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிகிறது. நான் கேட்டால் மட்டும் "மூச்சு வாங்கியது" என்கிறாய்.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு வருஷம் முன்பு நான் படிப்பை விட்டுவிட்டு இந்தத் துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்ட வந்ததில் அவருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. நான் போனில், "உங்ககிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்று கத்திவிட்டு வைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அத்தை, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார் என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்?

முப்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து பெட்டி தூக்குகிறேன். பத்து மணிநேரம். அங்கே நினைக்க வேறு என்ன இருக்கிறது? என்னால்தான் திரும்பினாரா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. போதும்.

மாமாவுக்கு என் வணக்கம்.
தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. கேள்விப்பெட்டி மாட்டிக்கொண்டாள். அவளோடு நானும்.

ஆண்கள் வார்டில் ஏழாம் கட்டிலில் ஒரு வயதான தையல்காரர். இதயம் பாதிதான் வேலை செய்கிறது. அவர் பெற்ற பிள்ளைகள் அதை அவரிடம் சொல்லவில்லை. வார்டே சேர்ந்து "நாலு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று பாடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மாத்திரையைத் துப்பினார், படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து நீவிக்கொண்டே இருந்தார். யாருக்கும் அது கண்ணில் படவில்லை. கேள்விப்பெட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் பிழைக்க மாட்டேனாம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவள், "எனக்குத் தெரியலைங்க ஐயா. பயமா இருக்கா?" என்றாளாம்.

ஒரு மணிநேரம் பேசியிருக்கிறார். இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசியை இவள் இரண்டே முக்காலுக்குப் போட்டாள். அது தப்பு. அதற்கு நானே அவளை நன்றாகத் திட்டினேன். ஆனால் அவர் அன்று கஞ்சி குடித்தார், மாத்திரை விழுங்கினார், தூங்கினார். அவர் படிவத்தில் பதினொன்றாம் கட்டத்தில் அவள் 'உண்டு' என்று எழுதியிருந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு டிக்கை நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் தையல்காரர் மகனிடம், "எனக்கு எல்லாம் தெரியும்டா, நீங்க நடிக்க வேணாம்" என்றிருக்கிறார். மகன் வார்டையே இரண்டாக்கிவிட்டார். "எங்கப்பாகிட்ட சாவைப் பத்திப் பேச இவ யாரு?" இப்போது விசாரணை. பிரின்சிபால் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'இப்படிப் பேச வகுப்பில் கற்பிக்கப்படவில்லை' என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். நான்காம் வருஷம், படிப்பு முடிய நான்கே மாதம். ஒழுங்கு நடவடிக்கை என்று எழுதி அனுப்பினால் வேறு எந்தக் காலேஜும் சேர்த்துக்கொள்ளாது. போடாவிட்டால் என்னைப் பாடம் நடத்தவே விடமாட்டார்கள்.

அப்பா விஷயம் அடுத்ததில் எழுதுகிறேன். காகிதம் தீர்ந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சோறு இறங்கியதா? மாமாவிடம் சொல்லிக் கஞ்சியாவது வைத்துக் குடி.

காகிதத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

கையெழுத்து விஷயத்தில் என்னைக் கேட்டால், போட்டுவிடு என்பேன். பதினாறு வருஷச் சர்வீஸ். நாளைக்கு உன்னைத் தூக்கி மூலையில் போட்டால் அந்தப் பெண்ணா வந்து கேட்கப் போகிறாள்? கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. யாரோ ஒரு தையல்காரர் விரிப்பை எப்படி மடித்தார் என்று உனக்குத் தெரிகிறது. நம் அப்பா எப்படிப் படுத்திருந்தார் என்பதை அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மறைக்கிறாயா? வேண்டாம். "உன்னாலதான்டா" என்று ஒரு வரி எழுது. தாங்கிக்கொள்வேன். இந்த நடுவாந்தரத்தில் தொங்குவதுதான் முடியவில்லை.

தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

நாங்கள் சுகம். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. கையெழுத்துப் போடுவதாக முடிவு செய்துவிட்டேன். மாமாவும் அதையே சொல்கிறார். தாள் என் கைப்பையில் இருக்கிறது. கேள்விப்பெட்டி நேற்று வராந்தாவில் என்னைப் பார்த்து, "மேடம், பயமா இருக்கா?" என்று கேட்டாள். என்னைக் கேட்கிறாள், பார்!

அக்கா


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படி. கூண்டில் வைத்துப் படிக்காதே, கீழே இறங்கி வந்து படி.

விசாரணையில் மூன்று பேர்: பிரின்சிபால் அம்மா, சூப்பிரண்டு, வார்டு சிஸ்டர். கேள்விப்பெட்டியை நிற்க வைத்தே கேட்டார்கள். "ஒரு மணிநேரம் அப்படி என்னதான் சொன்னாரு?" அவள், "அது அவர் என்கிட்ட சொன்னது சார்" என்றாள். "சொல்லலேன்னா உனக்குத்தான் நஷ்டம்." "தெரியும் சார்." கடைசி வரை சொல்லவில்லை. அப்புறம் தாளை என் பக்கம் தள்ளினார்கள். பேனா மூடியைத் திறந்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஏப்ரன் ஓரத்தை விரலால் மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

நான் பேனாவை மூடினேன். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு வார்த்தை விடாம நான்தான்" என்றேன். சூப்பிரண்டு, "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார். "புத்தகத்துல இல்ல சார். உங்க ரெக்கார்டு ரூம்ல இருக்கு. போன நவம்பர், இருபத்திரண்டாம் கட்டில். எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

எடுத்து வந்தார்கள். அது அப்பாவின் படிவம். மாணவிகள் நிரப்ப வேண்டியதை நான் வாங்கி நிரப்பினேன், என் அப்பாவை எனக்குத் தெரியாதா என்ற திமிரில். பதினொன்றாம் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே என் கையெழுத்து. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. முதல் நாள் அப்பா, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றார். நான் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரியாயிடும்பா, பேசாம தூங்குங்க" என்றேன். இரண்டாம் நாள், "தம்பி..." என்று ஆரம்பித்தார். "அவன் வருவான்பா, இப்ப மூச்சை வீணாக்காதீங்க" என்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்தார். "ஒரு நிமிஷம் உக்காரேன்" என்றார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. எனக்குத் தெரியும்டா, அவர் போகப் போகிறார் என்று. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். "டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றார்பா, இதோ வந்துடறேன்" என்று கையை எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். மறுநாள் விடியற்காலை போய்விட்டார்.

உன்னால் இல்லை. என்னால். ஆறு மாதமாக நீ உன்னைக் குத்திக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் மேல் பழி நிற்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தப் பாடத்தை ஏன் கேட்டு வாங்கினேன் என்பதும் உனக்கு இப்போது புரியும்.

கேள்விப்பெட்டிக்கு ஊசித் தாமதத்துக்காக ஒரு மாதம் சஸ்பென்ஷன், அவ்வளவுதான். படிப்பு தப்பியது. என்னை வகுப்பிலிருந்து எடுத்து வார்டு வேலைக்குப் போட்டுவிட்டார்கள், அப்பா இருந்த அதே வார்டு.

நீ திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இரண்டு மாதமாக உன் போனை எடுக்காததற்கு முதலில் காரணம் கோபம். நினைத்து நினைத்துக் கொதித்தேன். எனக்கு அவர் பேச்சு இரண்டு வருஷம் கிடைக்கவில்லை, உனக்கு மூன்று நாள் கிடைத்தது, நீ அதைச் சலைன் பாட்டிலைப் பார்த்தே கழித்துவிட்டாய். இதை எழுதத்தான் தாளை எடுத்தேன், நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றேன். ஏனென்றால் நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை.

அவரிடம் போன் இருந்ததா என்று கேட்டேனே, நீ ஏன் என்று திருப்பிக் கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. அவர் போவதற்கு முந்தின நாள், அங்கே மத்தியானம் இருக்கும், எனக்கு ஒரு அழைப்பு வந்தது. தெரியாத நம்பர், நம் ஊர் நம்பர். நான் கூண்டில் இருந்தேன், கொக்கியில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. "யாரு?" என்றேன். பேச்சு இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் ஒரு இருமல். அக்கா, அந்த இருமலை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அந்த இருமல் தெருமுனையில் கேட்டால் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவேனே.

"வேலைல இருக்கேன், அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பெட்டியை இறக்கினேன். ஷிப்ட் முடிந்து அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட விரலை வைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டேன். மறுநாள் உன் அழைப்பு வந்தது.

உன் பையில் போன் இருந்தது என்றால் அது யார் போன்? அவருக்குப் போன் கொடுத்தவர் யாராக இருந்தாலும் கண்டுபிடித்துக் கேள். நான் வைத்த பிறகு அவர் முகம் எப்படி இருந்தது என்று கேள். நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று எதையும் சேர்க்காதே.

தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மருந்து அறையில் நின்றே படித்தேன். கால் வலித்தது, உட்காரத் தோன்றவில்லை. இப்போது பரவாயில்லை.

கண்டுபிடித்துவிட்டேன். இந்த வார்டில் தரை துடைக்கிற ஆயாம்மாவின் போன் அது. நான் இங்கே வேலைக்கு வராமல் இருந்திருந்தால் அவரோடு பேசியே இருக்கமாட்டேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். "மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு சீட்டு வச்சிருந்தாரும்மா, நம்பர் எழுதி. நான்தான் போட்டுக் குடுத்தேன். நீங்க டாக்டரோட போயிருந்தீங்க. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு" என்றார்.

சுவர்ப் பக்கம் திரும்பியது அதற்காகவும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலம்மா. கைய மட்டும் பின்னால நீட்டிக் குடுத்தாரு." முகம்? "முகம் சுவத்துப் பக்கம் இருந்துச்சே. நான் பாக்கல."

உன் குரலைக் கேட்டுச் சிரித்தார், பிள்ளை வேலையில் இருக்கிறான் என்று பெருமைப்பட்டார் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதினால் நீ தூங்குவாய். அப்பாவிடம் மூன்று நாள் நான் சொன்னதும் அந்த மாதிரிதான். உன்னிடமும் அதைச் செய்யமாட்டேன்.

கேள்விப்பெட்டி திரும்பி வந்துவிட்டாள். தையல்காரர் போன மாதம் வீட்டில் இறந்துபோனார். அவர் மகன் இவளைத் தேடி வந்து, "கடைசில எங்கப்பா உன்கிட்ட என்னதாம்மா சொன்னாரு?" என்று கேட்டார். இவள் சொல்லவில்லை. "நீங்க உங்கப்பாவப் பத்திச் சொல்லுங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த மனிதர் ஒரு மணிநேரம் பேசிவிட்டுப் போனார். நான் தூர நின்று பார்த்தேன், எனக்கு அழுகையாக வந்தது.

அப்பா உன்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாதுடா. என்னை மன்னித்தாரா என்றும் தெரியாது. உனக்குப் பயமாக இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

ஏழு மாதமாக நலம் என்பது போலவே எழுதினேன். நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

பயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுகிறேன், அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். குக்கர் வைக்காதே.

தம்பி